இருதயமேரியின் பீரோ

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் சாலையில், ஊர் முடியும் இடத்தில், அரிசி ஆலை முதலாளி ஒருவர் தன் தகப்பனார் பெயரில் கட்டிய உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்று இருக்கிறது. 1993 ஜூன் மாதம் இருதயமேரி அங்கே அலுவலக உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தாள். வயது இருபத்திரண்டு. பத்தாம் வகுப்பில் கணக்கு மட்டும் போயிருந்தது. அவளுடைய அம்மாவும் சித்திகளும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக் கூலி வாங்கியவர்கள். அந்தக் குடும்பத்தில் நிழலில் நின்று சம்பளம் வாங்கிய முதல் ஆள் இவள்தான். ‘நின்று’ என்று சொன்னது சும்மா இல்லை. முதல் ஆறு வருடம் அவளுக்கு உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கொடுக்கவில்லை.

வேலை என்ன என்று யாரும் எழுதிக் கொடுக்கவும் இல்லை. மணி அடிப்பது, சுற்றறிக்கை நோட்டை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய் வாத்தியார்களிடம் கையெழுத்து வாங்குவது, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பது, கல்வித் துறையிலிருந்து யாராவது வந்தால் இளநீருக்கு ஓடுவது. இதில் மணி அடிப்பதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. வேப்பமரக் கிளையில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும். அவள் கையை ஓங்கினால் தொள்ளாயிரம் பிள்ளைகளும் முப்பது வாத்தியார்களும் எழுந்து நகருவார்கள். தலைமையாசிரியர் தொண்டை கிழியக் கத்தினாலும் அத்தனை பேர் நகர்ந்ததில்லை.

அவள் சேர்ந்த வருடமே பள்ளிக்குத் தொலைபேசியும் வந்தது. அப்போதிருந்த தலைமையாசிரியர் அதன் சுழல் வட்டத்துக்கு ஒரு குட்டிப் பூட்டுப் போட்டார். போன் செய்யும் உரிமை அவருக்கு. அடித்தால் ஓடி வந்து எடுக்கும் கடமை மேரிக்கு. மூன்று வருடத்தில் ஒரே ஒரு முறைதான் அவர் தானே எடுத்தார். 1996 டிசம்பர், அரையாண்டுப் பரீட்சை. மேரி சுற்றறிக்கை நோட்டோடு மாடிக்குப் போயிருந்தாள். பரீட்சை நேரத்தில் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க எழுந்து போகக் கூடாது என்பது அன்றைய சுற்றறிக்கை. கீழே போனில் வந்த செய்தி வேறு. அவள் புருஷன் சின்னக்கண்ணு, கட்டட வேலைக்குப் போகிறவன், விழுப்புரத்தில் சாரம் சரிந்து மூன்றாவது மாடியிலிருந்து விழுந்துவிட்டான். அப்போது மணி பதினொன்று.

தலைமையாசிரியர் அதை மேரியிடம் மாலை நாலேகாலுக்குச் சொன்னார். கடைசி மணியை அடித்து முடித்து, சுத்தியலை ஆணியில் மாட்டிவிட்டு வந்தபோது.

“பரீட்சை நேரமாச்சே, டிஸ்டர்ப் பண்ண வேணாம்னு பாத்தேன்” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதைத்தான் மேரியால் பொறுக்க முடியவில்லை.

சின்னக்கண்ணு பிழைத்துக்கொண்டான். இடது கால் மட்டும் மடங்கவில்லை. பிறகு பஸ் நிலையத்தில் வேகவைத்த மல்லாட்டை என்னும் வேர்க்கடலையை விற்றுக்கொண்டிருந்தான். அந்த ஐந்து மணி நேரமும் ஆஸ்பத்திரி வராண்டாவில், பேர் ஊர் சொல்ல ஆளில்லாமல் கிடந்ததை அவன் பெரிதாகப் பேசியதில்லை. மேரியும் பேசியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் எந்த போனும் மூன்று தடவைக்கு மேல் அடித்ததில்லை. கழிப்பறையில் இருந்தாலும் ஓடி வந்துவிடுவாள்.

2009-இல் விருத்தாசலம் தலைமையாசிரியர் ஆனார். கெட்ட மனிதர் இல்லை என்று மேரி இன்றைக்கும் சொல்வாள். ஏதாவது ஒன்றைத் தடை செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான். மணிக்கட்டில் கயிறு கட்டத் தடை. மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறத் தடை. சைக்கிள் மணியைக் காரணமில்லாமல் அடிக்கத் தடை. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கொட்டையை விழுங்கிவிட்டான் என்று நெல்லிக்காய்க்கே இரண்டு மாதம் தடை இருந்தது.

2014 ஏப்ரலில், ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த ஒரு பிற்பகல், அவர் மேற்பார்வை நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். ஒன்பதாம் வகுப்பில் யாரோ அதைக் கைபேசியில் படம் பிடித்துவிட்டார்கள். படம் புளூடூத்தில் வகுப்பு விட்டு வகுப்பு போய், டீக்கடைக்குப் போய், கடைசியில் தாளாளர் கிருஷ்ணசாமியின் மருமகன் கைக்கே போய்ச் சேர்ந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்றே கைபேசிக்குத் தடை வந்தது. மாணவர் ஒழுக்கம், கவனச் சிதறல், பெண் பிள்ளைகளின் பாதுகாப்பு என்று மூன்று காரணங்கள் சொன்னார். நாலாவது காரணம் பிள்ளைகளுக்கே தெரிந்திருந்தது.

கைபேசி கொண்டுவரக் கூடாது என்று மேலிடத்திலிருந்து ஏற்கெனவே ஒரு வரி வந்திருந்தது. அந்த ஒரு வரியை அவர் பதினான்கு ஷரத்துகளாகப் பெருக்கினார். பிடிபட்ட கைபேசி கல்வியாண்டின் முடிவில், பெற்றோர் மன்னிப்புக் கடிதம் கொடுத்தால்தான் திரும்பக் கிடைக்கும் என்பது ஏழாவது. பணியாளர்களும் வைத்திருக்கக் கூடாது என்பது பதினொன்றாவது. தலைமையாசிரியர் பணியாளரா என்பதற்கு அதில் விளக்கமில்லை. அவர் மேசையில் இரண்டு இருந்தன. வாத்தியார்கள் தங்களுடையதைச் சோற்றுப் பைக்குள் டப்பாவுக்கு அடியில் போட்டுக்கொண்டார்கள்.

வாசலில் ஆளுயரப் பலகை வைத்தார்கள். கைபேசிப் படத்தின் மேல் பெயிண்டர் சிவப்பில் போட்ட பெருக்கல் குறி, ரோட்டிலிருந்து பார்க்கக் கூட்டல் குறியாகத் தெரிந்ததால், தலைவலி மாத்திரை கேட்டு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள்.

அந்த வாரம் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஒரே ஒரு ஆள்தான் எழுந்து கேள்வி கேட்டாள். நத்தமேட்டுப் பாஞ்சாலி. கரும்பு வெட்டப் போகிறவள். மகள் துர்கா ஒன்பதாம் வகுப்பு.

“சார், எந்த ஊருல வெட்டு, எத்தினி மணிக்கு வூட்டுக்கு வர்றோம்னு எங்களுக்கே தெரியாது. நீங்க ஸ்பெசல் கிளாசு வச்சி ஆறு மணிக்கு வுடறீங்க. பஸ்சு வரலேன்னா எம்பொண்ணு எங்க நிக்கிதுன்னு நான் யாரப் போய்க் கேக்கறது?”

“நாங்கள்லாம் படிக்கும்போது போன் இருந்துச்சாம்மா? படிச்சி மேல வரலையா?” என்றார் விருத்தாசலம்.

“அப்ப ஸ்பெசல் கிளாசும் இல்லீங்களே சார்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். விருத்தாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவசரம்னா ஆபீஸ் போனுக்குப் பண்ணுங்க. டைரியில நம்பர் போட்டிருக்கு.”

டைரியில் நம்பர் இருந்தது உண்மைதான். அந்த போன் செத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. சாலையை அகலப்படுத்த வந்த ஜேசிபி ஒயரைத் தோண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது. டீத் தட்டோடு ஓரத்தில் நின்றிருந்த மேரிக்கு அது தெரியும். விருத்தாசலத்துக்கும் தெரியும். அவர் மேரியைப் பார்த்தார். மேரி டீயைப் பார்த்தாள்.

மறுநாள் காலை வாசலில் உடற்கல்வி ஆசிரியர் சுகுமார் பைகளைச் சோதிக்க நின்றார். பதினோரு வருடமாக ஒரு நல்ல கால்பந்துகூட இல்லாமல் காலம் தள்ளியவருக்கு இப்போதுதான் ஒரு விளையாட்டு கிடைத்தது. முதல் நாளே இருபத்து மூன்று. பாதிக்கு மேல் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பட்டன் போன்கள். வீட்டுக்கு ஒன்றுதான் இருக்கும். வேலைக்குப் போகிற அம்மா அதைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, மேஸ்திரி போனிலிருந்து கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வாள். எல்லாவற்றையும் அலுவலகத்து இரும்பு பீரோவில் போட்டுப் பூட்டினார்கள். சாவியை விருத்தாசலம் மேரியிடம் கொடுத்தார்.

“ஒண்ணு காணாமப் போனாலும் நீதான் பொறுப்பு.”

“சரிங்க சார்.”

மூன்றாம் நாள் பகல் இரண்டு மணிக்கு பீரோ உறுமியது. இரும்புத் தட்டில் போன் அதிர்ந்தால் அப்படித்தான் கேட்கும். மேரி ஒரு முறை விட்டாள். மறுபடியும் உறுமியது. மூன்றாவது முறை அவள் கை தானாகவே சாவியைத் திருகிவிட்டது.

“துர்கா! ஏய் துர்கா!” அந்தப் பக்கம் மூச்சிரைத்தது.

“துர்கா இல்லம்மா. நான் ஸ்கூலு மேரி.”

“யக்கா… எங்க வூட்டுக்காரர பாம்பு கடிச்சிடுச்சிக்கா. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போய்க்கினு இருக்கோம். வூடு பூட்டிக்கெடக்குது. அந்தப் பொண்ணு தனியா போயி வாசல்ல ஒக்காந்துக்கினு இருக்கும்…”

“நீ அவர பாரு. பொண்ண அவுங்க அத்த வூட்டுல சேக்கறது என் பொறுப்பு. வையி.”

ஒன்பதாம் வகுப்பு வாசலில் போய், தலைமையாசிரியர் கூப்பிடுகிறார் என்று பொய் சொல்லித் துர்காவை வெளியே வரவழைத்தாள். விஷயத்தைச் சொன்னாள். அழுத பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தாள். மாலை தானே பஸ்ஸில் கூட்டிப்போய் அத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். துர்காவின் அப்பா நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் பீரோ உறுமினால் மேரியால் சும்மா இருக்க முடியவில்லை. கைபேசிகளை அணைத்துவிடச் சொல்லி விருத்தாசலம் உத்தரவு போட்டிருந்தார். மேரி அணைக்கவில்லை. அணைக்காதது மட்டுமில்லை, பீரோவுக்குப் பின்னால் இருந்த பிளக்கில், தலைமையாசிரியரின் இரண்டு போன்களும் சார்ஜ் ஏறும் அதே பிளக்கில், ஐந்து தலை உள்ள ஒரு ஒயரைச் செருகி, கடைசித் தட்டிலிருந்த ஐந்து போன்களுக்கு நாள்தோறும் உயிர் ஏற்றினாள். அதில் துர்காவின் போனும் ஒன்று.

செய்தி, பள்ளிக்கும் நத்தமேட்டுக்கும் நடுவே ஓடும் ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர்களில் பரவ ஒரு மாதம்கூட ஆகவில்லை. பீரோவுக்குப் போட்டால் மேரியக்கா எடுக்கும். பால்காரன் வண்டியில் இடமிருக்கிறது, தங்கச்சியை ஏற்றிவிடு. பெரியப்பா செத்துவிட்டார், பிள்ளையை இப்போதே அனுப்பு. சாயங்கால பஸ் பழுது, ஆம்பளப் பசங்க நடந்து வரட்டும், பொண்ணுங்க நிக்கட்டும். மேரி சுற்றறிக்கை நோட்டுக்குள் துண்டுச் சீட்டு வைத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கினாள். சுற்றறிக்கையை யாரும் படிக்காத அந்தப் பள்ளியில், துண்டுச் சீட்டு ஒன்றுகூட வீண்போகவில்லை.

இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. தங்கள் பிள்ளையின் போனும் அந்த பீரோவில் இருக்கட்டும் என்று அம்மாக்கள் நினைத்தார்கள். ஏப்ரலில் மன்னிப்புக் கடிதம் கொடுத்து வாங்கிக்கொண்டு போனவர்கள், ஜூனில் பிள்ளையிடம் மறுபடி கொடுத்தனுப்பினார்கள். வாசலில் சுகுமார் கையை நீட்டுவதற்கு முன்பே பிள்ளைகள் நீட்டினார்கள்.

“சார், என்கிட்ட ஒண்ணு இருக்குது. புடிங்க சார்.”

“எங்க ஒளிச்சி வச்சிருந்த?” சுகுமாருக்குக் கொஞ்சமாவது கௌரவம் வேண்டியிருந்தது.

“கையிலதான் சார் வச்சிருந்தேன்.”

பறிமுதல் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. விருத்தாசலம் அதைத் தன் கண்காணிப்பின் வெற்றி என்று அறிக்கை எழுதி மேலே அனுப்பினார். படித்தவர்களும் அப்படியே நம்பினார்கள். 2015 நவம்பரில், மாணவர் பாதுகாப்பு பற்றி விழுப்புரத்தில் ஒரு கூட்டம் போட்டு, அவரைப் பாராட்டிச் சான்றிதழும் சால்வையும் கொடுக்கக் கூப்பிட்டார்கள்.

அன்றைக்கு நாலாவது நாளாக மழை. விருத்தாசலம் காலையிலேயே கஞ்சி போட்ட சட்டையோடு கிளம்பிப் போனார். பள்ளிப் பொறுப்பை மூத்த ஆசிரியர் தேவநாதனிடம் விட்டுப் போனார். தேவநாதனுக்கு ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தது. அந்த ஏழு மாதத்தையும் எதிலும் கையெழுத்துப் போடாமல் கடத்திவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே லட்சியம்.

மூன்று இருபதுக்குத் துர்காவின் போன் அடித்தது. பாஞ்சாலி.

“யக்கா, எங்க ஊரு ஏரி ரொம்பி வழியுது. தரப்பாலத்து மேல தண்ணி தொடை ஒயரத்துக்குப் போவுது. இப்பதான் ஒரு பைக்க அடிச்சிக்கினு போச்சி, ஆளு எப்பிடியோ தப்பிச்சிட்டான். புள்ளைங்கள பஸ்சுல ஏத்தாதீங்கக்கா.”

வைத்த கையோடு இன்னொரு போன் அடித்தது, அப்புறம் இன்னொன்று. ஐந்து போன்களும் ஒரே சேதியைச் சொல்லின. ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் நூற்றுப் பதினான்கு பேர். மழைக்காக ஸ்பெஷல் கிளாஸ் இல்லாததால் எல்லாருக்கும் நாலு இருபது பஸ்தான். மேரி தேவநாதனிடம் ஓடினாள்.

“சார், தரப்பாலம் மூழ்கிப் போச்சாம். நத்தமேட்டுப் பக்கத்துப் புள்ளைங்கள நிறுத்தி வைக்கணும்.”

“யார் சொன்னா?”

மேரி சாவிக்கொத்தை இடுப்பில் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டாள். தேவநாதன் சோற்றுப் பைக்குள் கையை விட்டு, டப்பாவுக்கு அடியிலிருந்து தன்னிடம் இல்லாத கைபேசியை எடுத்து விருத்தாசலத்துக்குப் போட்டார். அவருடையது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மாணவர் பாதுகாப்பு பற்றிப் பேசும்போது இடைஞ்சல் கூடாது என்று கூட்ட அரங்கு வாசலிலேயே எல்லாருடைய போனையும் அணைக்கச் சொல்லியிருந்தார்கள்.

“சார் லைன்ல இல்ல” என்று தேவநாதன் போனை டப்பாவுக்கு அடியில் திரும்பப் புதைத்தார். “இத பாரு மேரி. முன்னாடியே வுட்டா ஏன் வுட்டன்னு கேப்பாங்க. லேட்டா வுட்டா ஏன் வச்சிருந்தன்னு கேப்பாங்க. கரெக்டா நாலு பத்துக்கு வுட்டா ஒருத்தனும் ஒண்ணும் கேக்க முடியாது.”

“நாலு பத்துக்கு வுட்டா புள்ளைங்க தண்ணியில போயிடும் சார்.”

“அது கேட்டுக்கு வெளிய நடக்கறது” என்றார் தேவநாதன்.

மேரி அவரை ஒரு கணம் பார்த்தாள். இந்த மாதிரி நல்ல எண்ணத்தை அவள் முன்பும் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். அலுவலகத்துக்கு வந்தாள். சுவர்க் கடிகாரத்தில் நாலாக ஐந்து நிமிடம். ஆணியில் மாட்டியிருந்த சுத்தியலை எடுத்து, பீரோவின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினாள்.

நாலு பத்து ஆனது. மணி அடிக்கவில்லை.

மழைச் சத்தத்தில் கேட்காமல் போயிருக்குமோ என்று சில பிள்ளைகள் ஜன்னல் பக்கம் காது கொடுத்தார்கள். பத்தாம் வகுப்பில் கணக்கு டீச்சர் அம்பிகா கைக்கடிகாரத்தைப் பார்த்து, அது வேகமாக ஓடுகிறது என்று முடிவு கட்டி, அடுத்த தேற்றத்தை எழுத ஆரம்பித்தார். தமிழய்யா ஒரு செய்யுளை இரண்டாம் முறையாக விளக்கினார். இருபத்திரண்டு வருடம் மேரி அடித்த மணிக்கு எழுந்து பழகிய பள்ளி அது. மணி இல்லாமல் எப்படி எழுந்திருப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தேவநாதனுக்கு மட்டும் தெரிந்தது. ஆனால் போய் அடிக்கலாமென்றால் சுத்தியலைக் காணோம். வேப்பமரத்தடியில் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லை எடுத்தார். கல்லால் அடிப்பதற்கு விதி உண்டா என்று யோசித்தார். கல்லைக் கீழே போட்டுவிட்டு வந்துவிட்டார்.

இதற்குள் மேரி ஒரு கையில் இரண்டு போன்களாக வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள்.

“பாஞ்சாலி, கரும்பு ஏத்தற டிராக்டரு ஊருல எத்தினி நிக்கிது?”

“மூணு நிக்கிதுக்கா.”

“தரப்பாலம் பக்கமே வர வேணாம்னு சொல்லு. நாலு வழி ரோடு சுத்திக்கினு வரச் சொல்லு. மேல மூட தார்ப்பாய் இருந்தா எடுத்தாரச் சொல்லு. ஜல்தி.”

“வர்றதுக்கு ஒரு மணி நேரம் ஆவுமேக்கா. அதுவரைக்கும் புள்ளைங்க?”

“புள்ளைங்க படிச்சிக்கினு இருக்குது. நீ டிராக்டர அனுப்பு.”

ஐந்து முப்பத்தைந்துக்கு மூன்று டிராக்டர்களும் வாசலில் வந்து நின்றன. அதற்கப்புறம்தான் மேரி சுத்தியலை எடுத்து மணி அடித்தாள். நத்தமேட்டுப் பக்கத்துப் பிள்ளைகளை அவளே எண்ணி எண்ணி ஏற்றினாள். நூற்றுப் பதினான்கு. துர்கா ஏறும்போது, “ஆயாம்மா, இன்னிக்கு ரெண்டு தேற்றம் சேத்து நடத்திட்டாங்க” என்று குறைபட்டுக்கொண்டாள்.

நாலு இருபது பஸ் தரைப்பாலத்தின் நடுவில் போய் என்ஜினுக்குள் தண்ணீர் ஏறி நின்றுவிட்டது. டிரைவரும் கண்டக்டரும் உள்ளே இருந்தவர்களை ஏற்றிவிட்டுத் தாங்களும் கூரை மேல் ஏறிக்கொண்டார்கள். ஊர்க்காரர்கள் கயிறு கட்டி அவர்களை இறக்கினார்கள். பிள்ளைகள் படியில் தொங்கிக்கொண்டு போகும் அந்த பஸ்ஸில் அன்றைக்குப் பயணிகள் ஒரு கிழவரும் ஓர் ஆடும்தான். மூன்று நாலு பேரை இறக்கலாம். நூற்றுச் சில்லறைப் பேரை எந்தக் கயிற்றில் இறக்குவது என்று ஊரில் அன்றிரவு எல்லாரும் பேசினார்கள்.

மூன்றாம் நாள் பத்திரிகையில், சால்வை போர்த்திய படத்தோடு செய்தி வந்தது. ‘தலைமையாசிரியரின் சமயோசிதம்: 114 மாணவர்கள் தப்பினர்.’ விழுப்புரத்தில் கூட்டத்தில் இருந்தபோதும் தொலைபேசி மூலம் தாம் இடைவிடாமல் வழிநடத்தியதாக விருத்தாசலம் சொல்லியிருந்தார். கூட்டிப் பெருக்கும்போது மேரி அதை மேசைமேல் பார்த்தாள். முழுக்கப் படித்தாள். சின்னக்கண்ணுவுக்கும் வீட்டில் படித்துக் காட்டினாள். அவன் மல்லாட்டை மடிக்க அந்தத் தாளைக் கேட்டான்.

நாலாம் நாள் மேரிக்கு மெமோ வந்தது. மூன்று குற்றச்சாட்டுகள். மாலை 4.10-க்கு அடிக்க வேண்டிய மணியை 5.35 வரை அடிக்காமல் பள்ளியின் நேர ஒழுங்கைக் குலைத்தது. பறிமுதல் செய்யப்பட்ட கைபேசிகளை அனுமதியின்றிப் பயன்படுத்தியது. அவற்றுக்குப் பள்ளி மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றியது. மூன்றாவதைக் கண்டுபிடித்தது விருத்தாசலம்தான்; தன் போனைச் செருகப் போனவர் அந்த ஐந்து தலை ஒயரைப் பார்த்துவிட்டார்.

விசாரிக்கத் தாளாளர் ஓர் ஆளை அமர்த்தினார். மாசிலாமணி, கல்வித் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தலைமையாசிரியர் அறையிலேயே விசாரணை. விருத்தாசலம் ஒரு பக்கம், தேவநாதன் ஒரு பக்கம். மேரிக்கு அன்றைக்கு நாற்காலி போட்டார்கள். குற்றவாளிக்கு நாற்காலி உண்டு என்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

“மணி ஏம்மா அடிக்கல?”

“மறந்துட்டேன் சார்.”

“ஒன்றரை மணி நேரமா மறந்துட்டீங்களா?”

“வயசாவுதில்ல சார்.”

மாசிலாமணி எழுதிக்கொண்டார். “பசங்களோட போனை எடுத்துப் பேசினது உண்மையா?”

மேரி மடியிலிருந்து பத்திரிகைத் துண்டை எடுத்து மேசையில் வைத்தாள். அதில் மல்லாட்டைக் கறை இருந்தது. “சார், எனக்குப் படிப்பு கம்மி. ஒரு சந்தேகம். அன்னிக்கு ஹெச்செம் சாரு விழுப்புரத்துலேர்ந்து போன்லயே எல்லாத்தயும் சொல்லிக்கினு இருந்தாருன்னு இதுல போட்டுருக்குது.”

“ஆமா.”

“எந்த போனுக்குச் சார் பண்ணியிருப்பாரு? ஆபீசு போனு செத்து ரெண்டு வருசம் ஆவப்போவுது. என்கிட்ட போனு கெடையாது. வாத்தியாருங்க யாரும் வச்சிக்கறதில்ல, பதினொண்ணாவது ரூல் இருக்குது. தேவநாதன் சாருகிட்டயும் இல்ல. இல்லீங்களே சார்?”

தேவநாதன் சோற்றுப் பையைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினார். “இ… இல்ல” என்றார்.

“அப்ப பீரோவுக்குத்தானே சார் பண்ணியிருக்கணும்? அவரு பண்ணாரு, நான் எடுத்தேன். அவரு சொன்னாரு, நான் செஞ்சேன். மணி அடிக்க வேணாம்னும் அவரேதான் சொல்லியிருப்பாரு. நான்தான் மறந்துட்டேன்னு நெனச்சிக்கினு இருக்கேன்.”

விருத்தாசலம் பத்திரிகையைப் பார்த்தார். பொய் என்று சொன்னால் சால்வை போகும். உண்மை என்று சொன்னால் மெமோ போகும். மாசிலாமணி நாற்பது வருடம் கோப்புகளில் வாழ்ந்தவர்; இப்படி இரண்டு பக்கமும் பூட்டிய கோப்பை அவர் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. பேனாவை மூடி வைத்தார்.

“டீ சொல்லுங்க” என்றார்.

பழக்கத்தில் மேரி எழுந்தாள். “நீங்க உக்காருங்கம்மா” என்றார் மாசிலாமணி. தேவநாதன் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. ஆனாலும் ஒன்றுமில்லை என்று முடித்தால் விசாரணை வைத்ததே தப்பாகிவிடும் என்பதால், ‘எதிர்காலத்தில் கவனமாக இருக்க எச்சரிக்கப்படுகிறார்’ என்று ஒரு வரி எழுதி, அவளுடைய பணிப்பதிவேட்டில் ஒட்டினார்கள். அந்த வருடத்து மழையில் அந்தப் பள்ளியிலிருந்து எழுத்தில் எச்சரிக்கப்பட்ட ஒரே ஆள் இருதயமேரிதான்.

தடை நீடித்தது. ஆனால் அம்மாக்கள் சும்மா விடவில்லை. பாஞ்சாலி தலைமையில் முப்பது பேர் தாளாளர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார்கள். கடைசியில் ஒரு சமரசம் வந்தது. மேரியே சொந்தத்தில் ஒரு கைபேசி வாங்கிக்கொள்ள வேண்டியது. அதுவே பள்ளியின் அவசர எண்ணாக டைரியில் அச்சாகும். வாங்கிய செலவும் பேசும் செலவும் யாருடையது என்று அதில் விளக்கமில்லை. மேரி திண்டிவனம் பஜாரில் ஒரு பட்டன் போன் வாங்கினாள். நத்தமேட்டிலும் பக்கத்து ஊர்களிலும் ஒரே நாளில் எல்லாரும் நம்பரைக் குறித்துக்கொண்டார்கள், சுவரில் கரியால் எழுதிக்கொண்டவர்கள்கூட உண்டு.

2016 ஜூனில் டைரி வந்தது. கல்வித் துறைக்கும் பிரதிகள் போயின. முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் அவசர எண். விருத்தாசலமே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பக்கம். கடைசி இலக்கத்துக்கு முந்திய இலக்கம் தப்பு.

அம்மாக்கள் யாரும் டைரியைப் பார்ப்பதில்லை என்பதால் அவர்களுக்கு ஒரு பேஜாரும் இல்லை. மேரிக்கே விஷயம் தெரிந்தது ஆகஸ்டில்தான். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் தெரியாத ஆள் ஒருவர் அவளைக் கூப்பிட்டார். விழுப்புரத்தில் கோழிக்கறிக் கடை வைத்திருக்கிறாராம், பெயர் கண்ணையன். தன் போனுக்குத் தப்பாகக் கூப்பிட்ட ஒரு பிள்ளையின் தாத்தாவிடம் சொல்லி, ஊர்ச் சுவரில் எழுதியிருந்த சரியான நம்பரை வாங்கியதாகச் சொன்னார்.

“உங்க ஸ்கூலு போனெல்லாம் எனக்கு வருதும்மா. மத்ததெல்லாம் ஆபீசருங்கதான். நானும் ராங் நம்பரு ராங் நம்பருன்னு சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன், காதுலயே வாங்க மாட்டேங்கறாங்க.”

“மன்னிச்சிக்கங்கண்ணே. பிரிண்டுல தப்பாயிடுச்சி.”

“அது பரவால்லம்மா. நேத்து ஒருத்தரு கூப்ட்டு, மழக்காலத்துக்கு ஒங்க தயார்நிலை இன்னா, ஒடனே சொல்லுன்னு மெரட்னாரு. கடையில கும்பலு. பிராய்லரு நூத்தி நாப்பது, நாட்டுக்கோழி ஸ்டாக்கு இல்லன்னு சொன்னேன். மெதுவா சொல்லு எழுதிக்கறேன்னாரு. எழுதிக்கினு தேங்க்ஸ் சொல்லி வச்சிட்டாரு.”

மேரி சோற்றுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புரையேறியது.

“நான் ஏதாச்சும் தப்பா சொல்லிட்டனாம்மா?” என்றார் கண்ணையன், கவலையாக.

“இல்லண்ணே” என்றாள் மேரி. “இங்கேர்ந்து போற ரிப்போர்ட்டுலயே அதான் உருப்படியானது.”